கையும் எழுத்தும்: மலையகத் தோட்டங்களிற் குழந்தைக் கல்வி

குழந்தை கையினாற் கற்கிறது என்பது கல்வியறிஞர் யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. மணலைத் தொட்டு எழுத்தையும், விதையை எண்ணி இலக்கத்தையும், இலையை மோந்து மரத்தின் பெயரையும் அது அறிகிறது. ஏடு பின்னால் வருவது; கை முன்னால் வருவது. பெரும்பாலான நாடுகளில் இதைச் சொன்னால் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் இலங்கையின் மத்திய மலைநாட்டில், அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், 'கை' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. அங்கே கைக்குக் கூலி உண்டு. பெரியவர் கைக்கு ஒரு கூலி. சிறுவர் கைக்கு அதனிற் குறைந்த கூலி. ஆகவே, அங்கு குழந்தையின் கையை ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் கொழுந்தும் இழுத்துக்கொண்டே வந்தன. அந்த இழுபறியின் வரலாறே தோட்டக் கல்வியின் வரலாறு எனலாம்.

அவ்வரலாறு கோப்பிக் காலத்தில் தொடங்குவதன்று. தேயிலைக் காலத்திலேயே தொடங்குகிறது. இதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலையேறினார்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் ஒன்று உண்டு. பருவம் முடிந்தால் அவர்களுட் பலர் ஊர் திரும்புவர். வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். 1867-இல் யேம்ஸ் ரெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869-இற் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் மலைச்சாரல்களின் நிறமே மாறிற்று. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து தளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. பெண்கள் வந்தனர், குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன, குழந்தைகள் தோட்டத்திலேயே பிறந்தன. அப்பொழுதுதான், இந்தக் குழந்தைகளைப் பகல் முழுவதும் என்ன செய்வது என்ற கேள்வியும் பிறந்தது.

முதல் விடையை அளித்தவர்கள் அம்மக்களே ஆவர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழங்கிய திண்ணைப் பள்ளியின் நினைவு அவர்களோடு கடல் கடந்து வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் அல்லது கங்காணியார் வீட்டு முன்புறத்தில் நாலைந்து பிள்ளைகளை உட்கார்த்தி, மணலைப் பரப்பி, அதில் அகரத்தை விரலால் எழுதச் செய்வார். எழுதும்போதே உரக்கச் சொல்ல வேண்டும். கையும் வாயும் செவியும் ஒருங்கே தொழிற்படும் முறை அது. எண்ணுக்குப் புளியங்கொட்டை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவில் விளக்கு வைத்தும் இவ்வாறு கற்பித்தார்கள்.

இந்த எளிய முறை உலகத்துக்கு ஒரு பாடம் கற்பித்தது என்பதைப் பலர் அறியார். சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியில் 1789 முதல் பொறுப்பாளராக இருந்த அந்திரு பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். 1797-இல் அதை விளக்கி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயருடன் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிற் பரவிற்று. திண்ணையிற் பிறந்த முறை சீமைக்குப் போய்ப் புகழ் பெற்ற கதை இது.

பள்ளி இல்லாத இடத்தில் வீடே பள்ளி. வாசலிற் புள்ளி வைத்துக் கோலமிடும் தாயின் அருகில் இருக்கும் பெண் குழந்தை, வரிசையையும் சமனையும் பெயரறியாமலே கற்றது. பல்லாங்குழியிற் பங்கிடுதலையும் மிச்சத்தையும் கற்றது. கார்மேகம் எந்த மலையிலிருந்து இறங்கினால் மழை வரும் என்பதைப் பாட்டனிடம் கற்றது. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் இரவு முழுவதும் நடந்த ஊரில், எழுத்தறியாத சிறுவனும் நூற்றுக்கணக்கான அடிகளை மனத்திற் பதித்திருந்தான். அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைப் பிற்காலத்திற் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914-இற் பிறந்தவர். பாட்டும் கூத்தும் செவிவழி வளர்ந்த அந்தச் சூழலே அவரையும் வளர்த்தது.

ஆயினும் இந்த வீட்டுக் கல்வியைப் பொற்காலம் என்று போற்றிவிட்டுப் போய்விடலாகாது. அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையிற்றான் துன்பம் இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், 'துண்டு' என்ற காகிதம் தேவை. அவன் பேரில் உள்ள கடன் எவ்வளவு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்தின் விதியைத் தாங்கிய அக்காகிதத்தை அக்குடும்பத்திற் பெரும்பாலும் எவராலும் வாசிக்க முடியவில்லை. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அதன் பின்னரும் பெயர்ப் பதிவு, அரைப்பேர், கொழுந்து நிறை, கழிவு என்பவை எல்லாம் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் இருந்தன. புளியங்கொட்டையிற் கற்ற கணக்கு அந்த ஏட்டை எட்டவில்லை. கைக்குத் தெரிந்ததை எழுத்தாக மாற்றத் தெரியாத வரையில் ஏடு வைத்திருப்பவனே எசமானன். தோட்டத்துப் பெற்றோர் பள்ளிக்கூடத்தை நாடியதன் காரணம் இதுவே.

பள்ளிக்கூடம் வந்தது, மெல்ல வந்தது. 1850-களிலே கிறித்தவ சமயத்தார் தோட்டத் தமிழரிடையே தொண்டு தொடங்கிச் சில இடங்களிற் பள்ளிகளை நடத்தினர். அரசாங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விழித்தது. விசாரணைக் குழு ஒன்று 1905-இல் ஆராய்ந்த பின், 1907-இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களையும் தழுவிற்று. தொழிலாளரின் பிள்ளைகளுள் ஆறு வயது முதற் பத்து வயது வரை உள்ளவர்களுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிப்பதும், அதற்கு ஓர் அறையை ஒதுக்குவதும் தோட்டத்துரையின் கடமை என்று விதித்தது. 1920-இன் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை வலியுறுத்திற்று. ஆறு முதற் பத்து என்ற அளவை உற்றுநோக்க வேண்டும். பத்தாவது வயதிற் பள்ளி முடிந்தால் மலை அழைக்கும். 1927-இற் குறைந்தபட்சக் கூலிக்கெனத் தனிச் சட்டம் வந்தபோதும், ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு ஒரு வீதம், சிறுவர்க்கு ஒரு வீதம் என மூன்று வீதங்கள் வகுக்கப்பட்டன. சிறுவர் கூலிக்குச் சட்டப் புத்தகத்திலேயே இடம் இருந்த காலம் அது.

அந்த 1907-ஆம் ஆண்டிலேயே, கடலுக்கு அப்பால் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. உரோமாபுரியிற் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் வரிசை வரிசையாகக் குடியிருப்புக் கட்டடங்கள் இருந்தன. தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளிலும் முற்றங்களிலும் தனியே திரிந்தனர்; சுவர்களைப் பாழ்படுத்தினர். கட்டட உரிமையாளர் ஓர் அறையை ஒதுக்கி, அப்பிள்ளைகளைக் கவனிக்குமாறு மரியா மொண்டிசோரி என்ற பெண் மருத்துவரைக் கேட்டுக்கொண்டனர். அந்த ஆண்டு சனவரி 6-ஆம் நாள் 'குழந்தைகளின் வீடு' திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் மரத்துண்டுகளை அளவு வாரியாக அடுக்கினர், நீர் ஊற்றினர், பொத்தான் போட்டுப் பழகினர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவினர். சிலகாலத்துள் தாமாகவே எழுதத் தொடங்கினர். உப்புத்தாளும் மணல்தானே! சென்னைத் திண்ணையின் முறை வேறொரு வழியில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது எனலாம்.

இப்பொழுது மலையகத்தை நோக்குவோம். வரிசை வரிசையாக லயங்கள். விடியுமுன் தப்பு முழங்கப் பெரட்டுக்குச் செல்லும் தாய் தந்தையர். தனித்து நிற்கும் பிள்ளைகள். நிலைமை ஒன்றே. தோட்டத்திலும் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதற்குப் 'பிள்ளைக் காம்பரா' என்று பெயர். தாய்மார் கைக்குழந்தையை அங்கு விட்டு மலைக்குப் போவார்கள். ஆயா ஒருத்தி பார்த்துக்கொள்வாள். பாலும் தொட்டிலும் உண்டு. ஆனால் நெடுங்காலம் அது காவல் இடமாகவே இருந்தது. கல்வி இடமாக வளரவில்லை. உரோமாபுரியில் அறை ஒன்று உலகப் புகழ் பெற்றது. மலையகத்தில் அத்தகைய அறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தும் ஒன்றும் பெயர் பெறவில்லை. குழந்தைகளிடத்தில் வேறுபாடு இல்லை. அறையைக் கொடுத்தவர் அதனிடம் எதை எதிர்பார்த்தார் என்பதில் மட்டுமே வேறுபாடு இருந்தது. தோட்டம் தாயின் கையை விடுவிப்பதற்காக அறையைக் கட்டிற்று. குழந்தையின் கையைப் பற்றி எவரும் எண்ணவில்லை.

தோட்டப் பள்ளியிலோ கைக்கு வேலையே இல்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். ஒரு வகுப்பு வாய்ப்பாடு ஒப்புவிக்க, மற்றொன்று சிலேட்டில் எழுத, மூன்றாவது சும்மா இருக்கும். பாடப் புத்தகத்திற் கடலும் பனையும் நெல்வயலும் வந்தன. பிள்ளை நாள்தோறும் காணும் கொழுந்துக் கூடை அரிதாகவே வந்தது. மணலும் புளியங்கொட்டையும் வாசலோடு நின்றுவிட்டன. அந்த ஆசிரியர்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. கடிதம் எழுதிக் கொடுப்பவரும், மனு எழுதிக் கொடுப்பவரும், ஊர்ப் பெரியவரும் அவர்களே. குறை அவர்களுடையதன்று. ஒருவரை ஐந்தாகப் பிளக்கும் ஏற்பாட்டின் குறை அது.

இந்தியாவிலும் இலங்கையிலும் 1930-களிற் கைவழிக் கல்வி பற்றிய புதிய சிந்தனை எழுந்தது. 1937 ஒக்டோபரில் வார்தாவிற் கூடிய மாநாட்டிற் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்றல், நெய்தல் போன்ற ஒரு கைத்தொழிலை நடுவே வைத்து, அதைச் சுற்றி மொழியையும் கணிதத்தையும் வரலாற்றையும் கற்பிப்பதே அதன் சாரம். அதே காலப்பகுதியிற் கண்டியை அடுத்த ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. கிராமத்தின் வாழ்க்கையையும் பயிர்த்தொழிலையும் பாடங்களின் அடிப்படையாகக் கொண்டது. மொண்டிசோரி அம்மையாரோ 1939-இல் அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதனால் இந்தியாவை விட்டு நீங்க முடியாமற் போகவே, கொடைக்கானல் மலையிற் சில ஆண்டுகள் தங்கினார். சிறுவர்க்குப் பாடங்களைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல், பூமியின் தோற்றம் என்ற ஒரே கருப்பொருளிலிருந்து செடிகொடி, விலங்கு, மனிதன், மொழி, எண் என விரித்துக் கற்பிக்கும் முறையை அங்கேதான் உருவாக்கி வளர்த்தார். 1944-இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். இன்று இலங்கையிற் பாலர் பள்ளி எதனையும் மக்கள் 'மொண்டிசோரி' என்றே வழங்குவது அந்த வருகையின் சுவடு.

இத்துணை நல்ல கருத்துக்கள் ஏழை மக்களிடையே ஏன் வேரூன்றவில்லை? இதற்கு விடையைச் சென்னை இராச்சியத்தின் வரலாற்றிற் காணலாம். 1953-இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமப்புறப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியிற் கற்க வேண்டும். எஞ்சிய வேளையில் வீட்டிற் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பள்ளிகள் போதாமையைச் சமாளிக்கவும், கைத்திறனை வளர்க்கவும் அது உதவும் என்று அவர் கருதினார். ஆனால் தந்தையின் தொழிலே மகனுக்கும் என்றால் சாதியே பாடத்திட்டமாகிவிடும் என்று எதிர்ப்பு மூண்டது. 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பெரியார் ஈ. வெ. இராமசாமி முன்னின்று போராடினார். 1954-இற் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஹந்தெஸ்ஸத் திட்டமும் நாடு முழுவதும் நிலைக்கவில்லை. கிராமத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையுமே விரும்பினர்.

தோட்டத்துப் பெற்றோரின் நெஞ்சமும் இதே வகையினது. 'உன் பிள்ளை கையாற் கற்கட்டும்' என்று ஒருவர் சொன்னால், 'என் பிள்ளையின் கையைக் கொழுந்துக்கு விடப்போகிறார்' என்று தாய் அஞ்சினாள். அவள் அச்சம் அறியாமையன்று, அநுபவம். மட்டக்கம்பை நேராக வைத்துப் பறிக்கும் திறன், கவ்வாத்துக் கத்தியைச் சாய்க்கும் நுட்பம் எல்லாம் உயர்ந்த கைவினைகளே. ஆனால் அவற்றைக் கற்றவனுக்கு அவற்றை விட்டு வெளியேறும் வழி இல்லாதபோது, திறனே தளையாகிறது. கையால் வேலை கற்பது ஒன்று. கையைக் கொண்டு அறிவைக் கற்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியாத திட்டம் எதுவும் ஏழையின் ஐயத்துக்கு ஆளாகும்.

பின்னர் நிகழ்ந்தவை மெல்லிய நடையில் நிகழ்ந்தன. 1945-இற் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளி அந்த ஒளியின் ஓரத்திலேயே நின்றது. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்களின் பள்ளிக்காகப் பேசும் வலிமையும் குன்றிற்று. 1960, 1961-ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, சிறிய தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. 1975-இற் பெருந்தோட்டங்கள் நாட்டுடைமையான பின்பே, 1970-களின் இறுதியிலிருந்து படிப்படியாக அவை அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980-களின் நடுவிலிருந்து சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வளர்ந்தன. கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்விக் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகித் தோட்டத்துக்குத் திரும்பினர்.

பாடத்திட்டத்திலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1998-இல் ஒரு மாவட்டத்திற் சோதனையாகவும், 1999-இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தைப் புகுத்திற்று. வீடு, நீர், உணவு, விலங்குகள், தொழில்கள் என்று கருப்பொருளாகப் பிரித்து, விளையாட்டாலும் செயற்பாட்டாலும் எழுத்து வேலையாலும் கற்பிப்பது அதன் வழி. முதல் வகுப்புகளில் விளையாட்டு மிகுதி. மேல் வகுப்புகளில் எழுத்து மிகுதி. வாசலோடு நின்றுவிட்ட மணலும் புளியங்கொட்டையும் அரசாங்கக் கைநூலின் வழியே வகுப்பறைக்குள் அழைக்கப்பட்டன. பிள்ளைக் காம்பராக்களும் பல தோட்டங்களிற் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின.

2020 மார்ச்சிற் கொள்ளைநோய் பரவி நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, இந்த வரலாறு முழுவதும் ஒருமுறை திரும்பி நின்றது. பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தன; பல லயங்களுக்கு அலை எட்டவில்லை. வீடு மீண்டும் பள்ளியாக வேண்டியிருந்தது. தாய் தந்தையரோ வழக்கம்போல் மலைக்குப் போனார்கள். வீட்டுக்கல்வி என்பது, வீட்டில் இருக்க நேரமுள்ள பெற்றோருக்கே எளிது என்ற உண்மையை அந்நாள்கள் உணர்த்தின.

அப்படியானால் மலையகத்துக் குழந்தைக்கு உகந்த கைவழிக் கல்வி எத்தகையது? 'தேயிலை' என்ற ஒரே கருப்பொருளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எண்ணில் தொடங்குகின்றன. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. மீதி எங்கே போயிற்று என்று கேட்டால் அது விஞ்ஞானம். வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், சலித்தல் என்ற வரிசை தொழில்நுட்பம். 1883-இற் கொழும்பில் நடந்த முதல் தேயிலை ஏலமும், 1885-இல் நானுஓயாவை அடைந்த புகையிரதப் பாதையும் வரலாறு. லூல்கந்துரத்தின் பத்தொன்பது ஏக்கரும், மாத்தளைக்கு நடந்த பாட்டனின் வழியும் அதே வரலாற்றின் இரு பக்கங்கள். இறுதியிற் கொழுந்து நிறுக்கும் தராசு. ஒரு தாய் ஒரு நாளிற் பறித்தது எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எட்டு வயதுப் பிள்ளை தன் கையால் எழுதிக் கூட்டிப் பார்க்குமாயின், அதனிலும் பெரிய பாடம் வேறில்லை. இங்கே பிள்ளை கொழுந்து பறிக்கக் கற்கவில்லை. கொழுந்தை அளக்கக் கற்கிறது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத்தில் நிறுத்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், பறித்தவர் மற்றொருவர். பறித்தவரின் பிள்ளை எழுதவும் நிறுக்கவும் கற்கும்போதே அந்தப் பிரிவு மறையத் தொடங்குகிறது. லயத்து வாசல் மணலில் அகரம் எழுதிய விரலுக்கும், கணக்கு ஏட்டைச் சரிபார்க்கும் விரலுக்கும் இடையே உள்ள தூரம் நெடியதுதான். அத்தூரத்தைக் கடக்கப் பிள்ளைக்குத் துணை நிற்பதே தோட்டப் பள்ளியின் கடமை. வீட்டின் கடமையும் அதுவே.